கூடம் கோணலா? கேரம் பலகையின் மட்டமும் ஆட்டத்தின் நியாயமும்

கேள்வி

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்னும் பழமொழியை, தோற்றவன் வாயை அடைப்பதற்கென்றே நம் முன்னோர் ஆக்கிவைத்தார்களோ என்று எண்ணும்படியாக, சென்னை நங்கநல்லூர்த் தெருக்களில் மாலை வேளையில் கேரம் ஆடும் இடங்களிலெல்லாம் நான் கேட்டிருக்கிறேன். மெதுவாகத் தள்ளப்பட்ட காய், குழியின் வாசல்வரை நேராக வந்து, யாரோ விரலால் ஒதுக்கிவிட்டாற்போல் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றுவிடுகிறது. ஆடியவன் பலகையைக் குறை சொல்கிறான். சுற்றி நிற்பவர்கள் பழமொழியைச் சொல்கிறார்கள். அத்துடன் விசாரணை முடிந்துவிடுகிறது. கூடம் மெய்யாகவே கோணலாக இருந்ததா என்று ஒருவரும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்ததில்லை. பழமொழிக்கு ஆதாரமான அந்தப் பெண்ணும், தன் புகாரை யாரும் ஆராயாத நிலையிலேயே தண்டிக்கப்பட்டவள் என்பதை நாம் யோசிப்பதில்லை.

அந்தப் புகாரை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆடுதளத்தின் மேடுபள்ளம் ஆட்டத்தை எந்த அளவுக்கு மாற்றுகிறது, அப்படி மாற்றினால் அம்மாற்றம் யாருக்கு அனுகூலமாக முடிகிறது என்பன கேள்விகள். இவற்றைச் சென்னையிலிருந்து கேட்பதற்குத் தனிக் காரணம் உண்டு. சர்வதேசக் கேரம் சம்மேளனம் 1988-இல் தோன்றியது இந்நகரில்தான். 1991-இலும் 1995-இலும் உலகச் சாம்பியனாகி, 1996-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதைப் பெற்ற மரிய இருதயம் இந்நகரத்தவர். உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடியைச் சேர்ந்தவர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்ற காசிமாவும் வடசென்னைப் பெண். இத்தனை பேரை உருவாக்கிய ஊரில், அவர்கள் ஆடிப் பழகிய பலகையின் இலட்சணத்தைப் பற்றித் தமிழில் ஒரு விசாரணை நடப்பது அவசியமென்றே நினைக்கிறேன்.

வழங்கிவரும் அபிப்பிராயங்கள்

ஆட்டக்காரர்களிடையே இதுபற்றி மூன்று அபிப்பிராயங்கள் வழங்குகின்றன. நல்ல ஆட்டக்காரனுக்கு எந்தப் பலகையும் ஒன்றே என்பது முதலாவது. இது பழமொழியின் மறுபதிப்பு. பலகை எப்படியிருந்தாலும் போரிக் பவுடரைத் தூவித் தேய்த்துவிட்டால் குறை மறைந்துவிடும் என்பது இரண்டாவது. கோணலாகவே இருந்தாலும் இருவரும் அதே பலகையில்தானே ஆடுகிறார்கள், ஆகையால் அநியாயம் எதுவுமில்லை என்பது மூன்றாவது. மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு; ஆனால் இரண்டாவது அபிப்பிராயம், நான் புரிந்துகொண்ட மட்டில், பலகையின் மட்டத்தைப் பொறுத்தவரை உண்மைக்கு நேர் எதிரானது. அதைத் தனியே எடுத்துக்கொண்டு பின்னர் விவரிப்பேன்.

விதிநூல் என்ன சொல்கிறது என்பதை முதலில் நோக்குவோம். ஆடுதளம் ஏறத்தாழ 74 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரம். ஒட்டுப்பலகையின் கனம் 8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. குழியின் விட்டம் 4.45 சென்டிமீட்டர், காயின் விட்டம் 3.02 முதல் 3.18 சென்டிமீட்டர் வரை. ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமுக்கு மேற்படலாகாது. தளத்தின் வழவழப்பை நிர்ணயிக்க விதி சொல்லும் சோதனை அழகானது: 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழு வலிமையோடு அடித்தால், அது எதிரெதிர் மரச்சட்டங்களுக்கு இடையே குறைந்தது மூன்றரை முறை போய்வர வேண்டும். கருவி எதுவும் வேண்டாத, ஆட்டத்தின் உடம்பிலிருந்தே எடுக்கப்பட்ட சோதனை இது.

ஆயினும் இச்சோதனை அளப்பது வழவழப்பை மட்டுமே. சாய்ந்த பலகையில் ஸ்ட்ரைக்கர் போகும்போது ஏறிய ஏற்றத்தை வரும்போது இறங்கிவிடுகிறது, கணக்கு நேராகிவிடுகிறது. குழிந்த பலகையிலும் அப்படியே: முதல் பாதியில் இறங்கியதை மறுபாதியில் ஏறித் தீர்க்கிறது. மேலும் முழு வலிமையோடு அடிக்கப்பட்ட ஸ்ட்ரைக்கர் தளத்தின் சிறு கோணல்களைப் பொருட்படுத்துவதே இல்லை. ஆகவே மூன்றரை முறை போய்வரும் பலகை வழவழப்பானது என்று நிச்சயமாகச் சொல்லலாம். மட்டமானது என்று சொல்ல இச்சோதனையில் பிரமாணமில்லை.

டென்பின் பவுலிங்கின் அளவுகோல்

மட்டத்தையே எண்ணால் அளந்து விதியாக்கிய ஆட்டம் ஒன்று உண்டு. பத்து மரக்குப்பிகளை நோக்கிக் கனத்த பந்தை உருட்டும் டென்பின் பவுலிங், நம் நாட்டில் பெரிய வணிக வளாகங்களுக்குள் ஒதுங்கியிருப்பதால் பொதுமக்கள் அதை விளையாட்டென்பதைவிடப் பொழுதுபோக்காகவே அறிவார்கள்; எனினும் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஷபீர் தன்கோட் பலமுறை தேசியச் சாம்பியனாக விளங்கிய துறை அது. கால்கோட்டிலிருந்து முதற்குப்பி வரை 60 அடி. பந்து உருளும் தடத்தின் அகலம் நாற்பத்தொன்றரை அங்குலம். அந்த அகலத்தில் 39 பலகைப்பட்டைகள். மேப்பிள், பைன் மரங்களால் தடங்களை அமைத்த காலம் போய்ச் செயற்கைத் தகடுகள் வந்தபின்னும், பட்டைகளின் கணக்கு மாறவில்லை.

அமெரிக்க விதிகளின்படி, தடத்தின் குறுக்கே மேடாயினும் பள்ளமாயினும் சாய்வாயினும், ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் நாற்பது பங்குக்கு, அதாவது ஏறத்தாழ 1 மில்லிமீட்டருக்கு, மேற்படக் கூடாது. ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால் யாருக்கும் அது அற்பமாகவே தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பந்து 60 அடியைக் கடக்க ஏறத்தாழ 2.4 வினாடி ஆகிறது. தடம் நெடுகிலும் ஒரே பக்கமாக, விதி அனுமதிக்கும் உச்ச அளவுக்குச் சாய்ந்திருக்குமானால், அந்த இரண்டரை வினாடிக்குள் புவியீர்ப்பு பந்தைப் பக்கவாட்டில் 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல், எண்ணெய் தடவிய பகுதியில் பந்து சறுக்குவதையும் சேர்த்தால் ஏறத்தாழ 2.7 சென்டிமீட்டர் வரையில், இழுத்துவிடும். இது ஒரு பட்டையின் அகலம். வலக்கை ஆட்டக்காரர் குறிவைக்கும் முதலாம், மூன்றாம் குப்பிகளுக்கு இடைப்பட்ட இடம் பதினேழாம், பதினெட்டாம் பட்டைகளுக்கு நடுவே அமைகிறது. அங்கிருந்து ஒரு பட்டை விலகினால், பத்தும் விழ வேண்டிய வீச்சில் இரண்டு குப்பிகள் எதிரெதிர்க் கோடிகளில் நின்றுவிடக்கூடும். அதாவது, விதிக்கு முழுவதும் உட்பட்ட ஒரு தடமே வெற்றியைத் தோல்வியாக்க வல்லது. கூடம் கோணல் என்றவளின் பக்கம் முதல் சாட்சியம் இது.

காய் சறுக்கும் விதம்

கேரம் காய் பந்தைப் போல் உருள்வதில்லை, தட்டையாகச் சறுக்குகிறது. பந்தின் வேகம் வழியில் பெரிதாகக் குறைவதில்லை. காயோ ஒவ்வொரு கணமும் உராய்வால் தளர்ந்து கொண்டே போய், இறுதியில் நின்றுவிடுகிறது. இந்த வேற்றுமையில்தான் விஷயத்தின் சூட்சுமம் இருக்கிறது என்பதால், வாசகர் சற்றுப் பொறுமையோடு தொடர வேண்டுகிறேன்.

ஓடுகிற காயின்மேல் உராய்வு எப்போதும் அதன் ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் இயங்குகிறது. பக்கவாட்டில் சாய்வு இருந்தால் புவியீர்ப்பின் ஒரு சிறு பங்கு காயை அப்பக்கமாக இழுக்கிறது. காய் வேகமாக ஓடும்போது அந்த இழுப்பு அதன் திசையை மாற்றப் போதுவதில்லை. வேகம் குறையக் குறைய, அதே இழுப்பு மேலும் மேலும் வலுப்பெற்றது போலாகிறது. இதைச் சமன்பாடாக எழுதித் தீர்த்தால் கிடைக்கும் முடிவு வியக்கத்தக்கவகையில் எளிமையானது: ஒரே சீரான சாய்வில், தானாக ஓய்ந்து நிற்கும் காயின் மொத்த விலகல், அது ஓடிய தூரத்தில் பாதியை, சாய்வுக்கும் உராய்வுக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கியதற்குச் சமம். அந்த விலகலில் ஆறில் ஒரு பங்குகூடப் பாதையின் முதற்பாதியில் நேர்வதில்லை. மிச்சமெல்லாம் பிற்பாதியில் சேர்கிறது. குழியின் வாசல்வரை நேராக வந்து அங்கே திரும்பிக்கொண்ட காய் கண்ணின் மயக்கமல்ல. சாய்ந்த பலகையில் அது அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும்.

எண்களை இட்டுப் பார்க்கலாம். 74 சென்டிமீட்டர் அகலத்துக்கு 1 மில்லிமீட்டர் சாய்வு. உராய்வு எடையின் பத்தில் ஒரு பங்கு. காய் 60 சென்டிமீட்டர் ஓடி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். விலகல் 4 மில்லிமீட்டர். குழிக்கும் காய்க்கும் உள்ள விட்ட வேற்றுமையைப் பார்த்தால், காய் ஒரு பக்கம் விலக இடமிருப்பது சுமார் ஆறரை மில்லிமீட்டர். மூலையில் மரச்சட்டம் சில சமயம் காயை உள்ளே தள்ளி உதவுவதை இங்கே ஒதுக்கிவைக்கிறேன். ஆக, ஆட்டக்காரன் எள்ளளவும் பிசகாமல் தள்ளியிருந்தாலும், அவனுக்குள்ள இடத்தில் பாதிக்கு மேலானதைப் பலகை முன்னதாகவே எடுத்துக்கொண்டுவிடுகிறது. அதே காயை, தடையில்லாவிட்டால் நான்கு மடங்கு தூரம் ஓடக்கூடிய வேகத்தில் அடித்தால், குழியை அடையும்போது அதன் விலகல் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான்.

இப்போது பவுடருக்கு வருவோம். பவுடர் தூவித் தேய்ப்பதால் உராய்வு பாதியாகிறது என்று கொள்வோம். சாய்வு மாறவில்லை, விகிதம் இரட்டிக்கிறது, விலகலும் 4-லிருந்து 8 மில்லிமீட்டராகிறது. காய் இப்போது குழியைத் தவறவிடுகிறது. சொரசொரப்பான பலகையில் உராய்வே கோணலை அடக்கி வைத்திருந்தது. பவுடர் அந்தக் காவலை நீக்கிவிட்டது. பலகையின் குறையைப் பவுடர் மறைக்கும் என்ற அபிப்பிராயம் வழவழப்பின்மை என்ற ஒரு குறையைப் பொறுத்தவரை சரி. மட்டமின்மையைப் பொறுத்தவரை அது குறையை மறைக்காமல் பெருக்கியே காட்டுகிறது. தெருமுனையில் பழைய பலகையில் பல்லாண்டு நன்றாக ஆடியவர், போட்டிக்காகப் புதிதாகப் பவுடர் இட்டு மெருகேற்றிய அதே பலகையில் தடுமாறினால், அவர் கையைக் குறை சொல்வதற்கு முன்பு இந்த விகிதத்தை நினைக்க வேண்டும். பவுலிங் தடத்தில் எண்ணெய் செய்கிற வேலையும் இதற்கு உறவானதே.

மழைக்காலத்துப் பலகை

சாய்வு வேறு, வளைவு வேறு. தாங்கியின் ஒரு கால் குட்டையானாலோ தரை சரிந்திருந்தாலோ உண்டாவது சாய்வு. ரசமட்டத்தை வைத்து, ஓர் ஆப்பை அடியில் செருகினால் தீர்ந்தது. வளைவுக்கு அவ்வளவு சுலபமான பரிகாரம் கிடையாது; ஏனெனில் அது மரத்துக்குள்ளேயே இருக்கிறது.

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால், நங்கநல்லூர் போன்ற தாழ்வான, தண்ணீர் தேங்கும் பகுதிகளில் வீட்டுக்குள் கதவுகள் இறுகிக்கொள்வதை அனைவரும் அறிவோம். கதவை இறுக்கும் அதே ஈரம் கேரம் பலகையையும் விட்டுவைப்பதில்லை. மரம் ஈரத்தை உறிஞ்சினால் நார்களின் நெடுக்கில் மிகச் சிறிதளவும், குறுக்கில் அதிகமாகவும் விரிகிறது. ஒட்டுப்பலகையில் ஏடுகளின் நார்கள் மாறிமாறிக் குறுக்குநெடுக்காக அடுக்கப்பட்டிருப்பதால் இந்த விரிவு பெரும்பாலும் கட்டுப்படுகிறது. ஆனால் அந்தக் கட்டுப்பாடு, இரு முகங்களும் ஒரே அளவு ஈரத்தைப் பெறும் என்ற எண்ணத்தின்மேல் நிற்கிறது. கேரம் பலகையின் மேல்முகம் மெருகு பூசப்பட்டது. அடிமுகம் பெரும்பாலும் வெறும் மரம். அடிமுகம் ஈரம் குடித்து விரிகிறது, மேல்முகம் விரிவதில்லை. மேலே தொங்கும் குண்டு பல்பு, பவுடரை உலர்வாக வைத்திருக்கும் அதே வேளையில், மேல்முகத்தை இன்னும் உலர்த்துகிறது. இரண்டும் ஒரே திசையில் வேலை செய்கின்றன: பலகை நடுவில் தாழ்ந்து, தட்டுப்போல் குழிகிறது. மழைக்காலத்தில் நான் கூர்ந்து நோக்கிய பலகைகளிற் பெரும்பாலானவை மேடாகாமல் இப்படிக் குழிந்தே இருந்தன என்பது இந்த அனுமானத்துக்கு ஒத்தே இருக்கிறது.

கனம் இங்கே எல்லாவற்றையும் நிர்ணயிக்கிறது. பலகையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 12 மில்லிமீட்டர் பலகை, விதி கேட்கும் 8 மில்லிமீட்டர் பலகையைப் போல மூன்று மடங்குக்கு மேல் விறைப்பானது. குழந்தைகளுக்கென்று விற்கும் 4 மில்லிமீட்டர் பலகையோ விறைப்பில் அந்த 8 மில்லிமீட்டர் பலகையில் எட்டில் ஒரு பங்கே. மலிவான பலகையில் ஆடிப் பழகும் சிறுவன், பெரிய பலகையில் ஆடுபவன் சந்திக்காத ஒரு கோணலோடு நாள்தோறும் போராடுகிறான் என்பதே இதன் பொருள். இதை நினைக்கும்போது எனக்கு மனம் வருந்துகிறது.

குழிவின் விளைவு சாய்வின் விளைவைவிடக் கடுமையானது. சீராகக் குழிந்த பலகையின் நடுப்பகுதி ஏறக்குறைய மட்டமாகவே இருக்கும். ஓரத்துக்குப் போகப்போகச் சரிவு ஏறும். நடுவில் 1 மில்லிமீட்டர் ஆழமே உள்ள குழிவாயினும், ஓரத்தில் அதன் சரிவு முன்னே சொன்ன 1 மில்லிமீட்டர் சாய்வைப் போல நான்கு மடங்கு. மூலைகளை மரச்சட்டம் இறுகப் பிடித்திருப்பதால் அங்கே இக்கணக்கு சற்றுத் தளரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஓரத்தின் நடுப்பகுதியில் தளராது. நடுவிலிருந்து நேரே குழிக்குப் போகும் காய் ஏற்றத்தில் ஏறி, விலகாமல், குறுகி நிற்கும். மரச்சட்டத்தை ஒட்டித் தவழ்ந்து வரும் காய்தான் பெரிதும் பாதிக்கப்படும். அது சட்டத்தைவிட்டு உள்ளே இழுக்கப்பட்டு, குழியின் உதட்டைக் கடந்து போய்விடும். மேடான பலகையில் இதற்கு நேர்மாறாக, காய் சட்டத்தையே அணைத்துக்கொண்டு குழிக்குள் இறங்கும். பலகையின் வளைவு எப்படிப்பட்டது என்பதைச் சட்டத்தை ஒட்டிய ஒரே ஒரு மெதுவான தள்ளலால் கண்டுகொள்ளலாம்.

இடம் மாறுவதால் தீர்வதும் தீராததும்

மூன்றாவது அபிப்பிராயத்துக்கு இப்போது விடை சொல்லலாம். ஒற்றையர் ஆட்டத்தில் இருவரும் எதிரெதிரே அமர்கிறார்கள். பலகை ஒருவர் பக்கம் சாய்ந்திருந்தால் அவருடைய காய்கள் ஏற்றத்திலும் எதிராளியின் காய்கள் இறக்கத்திலும் ஓடும். இது வெளிப்படையான பட்சபாதம். ஆனால் ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பின்னும் இருவரும் இடம் மாறிக்கொள்வதால், ஒருவர் அனுபவித்த அனுகூலம் மற்றவருக்கும் போய்ச் சேருகிறது. விதியை ஆக்கியவர்களின் தீர்க்கதரிசனத்தை இங்கே மெச்சத்தான் வேண்டும்.

குழிவு வேறு ஜாதி. அது இரு பக்கமும் ஒன்றுபோலவே இருப்பதால் இடம் மாறி ஒரு பயனுமில்லை. இருவருக்கும் சமமாகவே இருக்கிறது என்று வாதிப்பவர்களும் உண்டு. ஆட்களுக்கிடையே சமம் என்பது சரி. ஆட்ட முறைகளுக்கிடையே அது சமமல்ல. முன்னே கண்டபடி, வேகமாக அடிக்கப்பட்ட காய் கோணலைக் கடந்துவிடுகிறது. மெதுவாகத் தள்ளப்பட்ட காயே கோணலுக்கு இரையாகிறது. கேரத்தில் இரு மரபுகள் உண்டு என்பதை ஆடியவர்கள் அறிவார்கள். பலத்த அடியால் காய்களைச் சிதறடித்துக் குழியில் இறக்குவது ஒன்று. தன் காயை மெல்ல நகர்த்திக் குழிவாயில் நிறுத்தி, எதிராளியின் வழியை மறித்து, அடுத்த மூன்று அடிகளுக்கான இடத்தை முன்னதாகவே சமைத்து வைப்பது இன்னொன்று. இரண்டாவது மரபு அடங்கிய விரலையும் நெடிய யோசனையையும் கேட்பது. மட்டமற்ற பலகை எந்த மனிதருக்கும் பட்சபாதம் காட்டாமலே இந்த இரண்டாவது மரபைத் தண்டிக்கிறது. நெடுநாள் அத்தகைய பலகைகளிலேயே ஆடும் ஒரு தெருவில், மெல்லத் தள்ளுவது பலிக்காது என்று பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொண்டு, எல்லாரும் பலத்த அடிக்காரர்களாகவே வளர்வார்கள். அதைப் பிறகு அந்தப் பேட்டையின் பாணி என்று நாம் பெருமையாகச் சொல்வோம்; அதில் எவ்வளவு பாணி, எவ்வளவு பலகை என்று பிரித்தறிய வழியிருக்காது.

முதல் அபிப்பிராயத்துக்கும் உரிய மரியாதையைச் செய்துவிடுகிறேன். தேர்ந்த ஆட்டக்காரர் பலகையைப் படிக்கிறார். முதல் சில அடிகளிலேயே எந்தக் குழிக்குப் போகும் காய் எந்தப் பக்கம் சாய்கிறதென்று குறித்துக்கொண்டு, அந்த 4 மில்லிமீட்டரை எதிர்ப்பக்கம் கூட்டி அடிக்கிறார். இது உண்மையான திறமை, பாராட்டத்தக்கது. ஆனால் கோணலைச் சமாளிக்கும் திறமையிலிருந்து கோணல் இல்லை என்ற முடிவுக்குத் தாவுவது தர்க்கமாகாது. அவர் திருத்தம் செய்கிறார் என்பதே திருத்த வேண்டிய ஒன்று அங்கே இருக்கிறது என்பதற்குச் சான்று.

அளக்கும் வழி

மூன்றரை முறை சோதனையைக் கைவிட வேண்டுமென்று நான் சொல்லவில்லை. அதற்குப் பக்கத்தில் மற்றொன்றை நிறுத்த வேண்டுமென்றே சொல்கிறேன். கொத்தனார் வைத்திருக்கும் நேரான மட்டப்பலகை ஒன்றை, எதிரெதிர்க் குழிகளை இணைக்கும் இரு மூலைவிட்டங்களிலும், நான்கு மரச்சட்டங்களை ஒட்டியும் நிறுத்தி, அதன் பின்னே விளக்கைப் பிடித்தால், வெளிச்சம் கசியும் இடம் பள்ளம். தகட்டுத் துண்டுகளைச் செருகி அதன் ஆழத்தை அரை மில்லிமீட்டர் வரை அளந்துவிடலாம். பவுலிங்கின் விதி 1 மில்லிமீட்டரில் நிற்கிறது. கேரத்தில் காய் ஓய்ந்து நிற்கும் ஆட்டமாதலால், அதைவிடக் கண்டிப்பான எல்லை வேண்டுமென்பது என் அபிப்பிராயம்.

கருவியில்லாதவர்களுக்கு வேறொரு வழி. ஆட்டம் தொடங்குமுன், நடுவட்டத்திலிருந்து நான்கு குழிகளை நோக்கி நான்கு காய்களை, குழியை எட்டாத அளவுக்கு மெதுவாகத் தள்ளிவிட்டு, அவை நின்ற இடங்களைப் பென்சிலால் இலேசாகக் குறித்துக்கொள்ள வேண்டும். விளக்கின் சூட்டிலும் மழைக்காற்றிலும் இரண்டு மணிநேரம் ஆடி முடித்தபின், அதே நால்வழியில் மறுபடி தள்ளிப் பார்க்க வேண்டும். இந்த ஐப்பசியில் எங்கள் வீட்டுப் பலகையில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொரு குழிக்கும் முன்னால் இரண்டு பென்சில் குறிகள் இருக்கின்றன, அவை ஒன்றன்மேல் ஒன்று விழவில்லை.